எல்.கே.ஜி.க்கு ஒரு லட்சம், மடிப்பில் அரை இஞ்ச் துணி இல்லை

மூன்றரை வயசுப் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் எதற்கு என்று யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும். என் மகளுக்கு இன்னும் செருப்பைக் கால் மாற்றாமல் போடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த வழவழப்பான புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே நீட், ஜே.இ.இ., ரோபோட்டிக்ஸ், குதிரையேற்றம். கழிப்பறையில் தண்ணீர் வருமா என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மதுரையில் இது அட்மிஷன் சீசன். அழகர்கோவில் ரோடு, நத்தம் ரோடு, ரிங் ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபிளெக்ஸ், அதில் கோட்டு போட்ட பிள்ளைகள், பக்கத்தில் மார்க். பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

ஃபாரம் ஒன்று வாங்கினேன். அதற்கே தனியாகப் பணம். அப்பாவின் ஆண்டு வருமானம், அம்மாவின் படிப்பு, சொந்த வீடா வாடகையா, கார் உண்டா என்று முக்கால் பக்கம். கடைசியில் 'பெற்றோரின் எதிர்பார்ப்பு' என்று ஒரு கட்டம், ஒன்றரை வரிதான் இடம். என் எதிர்பார்ப்பு என்ன பெரிதாக? பிள்ளை அழாமல் போய் அழாமல் வரணும். ஓடி விழுவதற்கு மண் தரை இருக்கணும். ஒன்றுக்கு வருகிறது என்று சொன்னால் 'பீரியட் முடியட்டும்' என்று உட்கார வைக்கக் கூடாது. மூன்றாவது முடிக்கும்போது தமிழும் இங்கிலீஷும் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கணும். வீட்டிலிருந்து பக்கமாக இருக்கணும். அவ்வளவுதான். ஃபாரத்தைத் திருப்பி வாங்கிய அம்மா நான் எழுதியதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வருமானக் கட்டத்தைத்தான் விரலை வைத்துப் பார்த்தார்.

அப்புறம் பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்கள். 'சும்மா பேசிப் பார்ப்போம், பயப்படாதீங்க மேம்' என்றார்கள். படம் போட்ட அட்டையைக் காட்டி இங்கிலீஷில் கேள்வி. காக்கா படம் வந்ததும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. 'எங்க மாடிக்கு வரும், அப்பளம் வச்சா எடுத்துட்டுப் போயிரும், சோறு வச்சா தின்னாது, அப்பத்தா வய்யும்' என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கேள்வி கேட்டவர் பேனாவை எடுத்து ஏதோ ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். ஒரு குழந்தை புது ஆளிடம் கூச்சமில்லாமல் ஒரு பறவையைப் பற்றி இவ்வளவு சொல்கிறது, அதற்குத் தப்பு! அடுத்து என்னிடம் திரும்பி, 'வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பீங்க?' என்றார். நான் பி.எஸ்ஸி. கணிதம். ஆனாலும் வாய் வரைக்கும் வந்தது: வீட்டில் நான் சொல்லிக்கொடுக்கணும் என்றால், உங்களுக்கு எதற்கு அம்மா ஃபீஸ்?

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. அதன் 13-வது பிரிவில், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று இருக்கிறது. சோதித்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 50,000 வரை. சட்டம் ஆறு வயசுக்கு மேல்தானே என்று யாராவது கிளம்பி வருவார்கள். வரட்டும். ஆறு வயசில் செய்யக் கூடாதது மூன்றரை வயசில் மட்டும் எப்படி நியாயமாகும்?

அதே சட்டத்தில், தனியார் பள்ளியில் நலிந்தவர்களுக்கு இலவசமாக 25 சதவீத இடம் இருக்கிறதே என்பார்கள். நலிந்த பிரிவில் கேட்க ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருக்கணும். என் வீட்டுக்காரர் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். இரண்டையும் கூட்டினால் கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. தாண்டியதால் நாங்கள் பணக்காரர்களாம். 2025-ல் அந்தச் சேர்க்கையும் மத்திய அரசின் பணம் வரவில்லை என்ற சண்டையில் அக்டோபர் வரை இழுத்தது. ஜூனில் தொடங்குகிற பள்ளிக்கு அக்டோபரில் விண்ணப்பம்!

கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் நேராகச் சொல்ல மாட்டார்கள். டெர்ம் ஃபீஸ் தனி, புத்தகம் தனி, ஸ்மார்ட் கிளாஸ் தனி, ஆண்டு விழா தனி. மே மாதம் வண்டி ஓடாது, வேன் ஃபீஸ் மட்டும் ஓடும். வேனோடு கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தொட்டது. அதற்கு மேல் கட்டட நிதி என்று 25,000, ரசீது கிடையாது. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் இவ்வளவுதான் வாங்கலாம் என்று நிர்ணயிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவே தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்தத் தொகை எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். 'அது ஆபீஸ் ரூம்ல இருக்கும் மேம்' என்றார்கள், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துகொண்டே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த யூனிஃபார்மைக் காட்டாமல் இருந்திருந்தால். ஒரு செட் 1,650 ரூபாய், மூன்று செட் கட்டாயம், அங்கேதான் வாங்கணும். எனக்குத் தொழிலே தையல். சட்டைக்கு மேல் போடுகிற பினாஃபோர் கவுனை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கீழ் மடிப்பில் அரை இஞ்ச்கூட இல்லை, ஓரத்தில் நூல் பிரியாமல் ஓவர்லாக் அடித்ததோடு சரி. பக்கவாட்டுத் தையலில் பிரித்துவிடத் துணியே இல்லை. நம் ஊரில் எந்தத் தையல்காரரிடம் பள்ளித் துணி கொடுத்தாலும் கேட்காமலே இரண்டு இஞ்ச் உள்ளே விட்டுத் தைப்பார். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போட்டுக்கொள்ளும். இவர்கள் அடுத்த வருஷம் அது போட்டுக்கொள்ளக் கூடாது என்று கணக்குப் போட்டே வெட்டியிருக்கிறார்கள். விளக்குத்தூண் பக்கம் இதே மாதிரி கட்டம் போட்ட துணி மீட்டர் 180 ரூபாய். சட்டையும் சேர்த்து இந்த வயசுக்கு ஒன்றரை மீட்டர் தாராளம். கூலி, பட்டன், நூல் எல்லாம் போட்டாலும் 600 தாண்டாது. 'நானே தைத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டதற்கு, 'யூனிஃபார்மிட்டி போயிரும் மேம்' என்று பதில். 16 வருஷமாக ஊருக்கே தைத்துக் கொடுக்கிறவள், என் பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்கத் தகுதி இல்லாமல் போய்விட்டேன்.

'அப்ப கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேக்க வேண்டியதுதானே' என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். அவர் தன் இரண்டு பிள்ளைகளையும் எங்கே அனுப்புகிறார் என்பது வேறு விஷயம். நான் போய்ப் பார்த்தேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. காலைச் சாப்பாடும் உண்டு. அந்தத் திட்டமே 2022 செப்டம்பரில் நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் எல்.கே.ஜி. இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயசு ஆகணும். 2019-ல் தமிழ்நாடு முழுக்க பள்ளிகளோடு சேர்ந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், எங்கள் பக்கத்துப் பள்ளி அதில் வரவில்லை. இந்த ஒன்றரை வருஷ இடைவெளியில்தான் தனியார்காரர்கள் வலை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்.கே.ஜி.யில் ஒரு லட்சம் கட்டியவன் ஒன்றாம் வகுப்புக்கு வெளியே எடுப்பானா?

பணத்துக்காக மட்டும் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் யா.கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் இருக்கிறார், வங்கியில் கிளார்க். இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாக, ஊர் அரசுப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகட்டும் என்று 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தார். 2024 குடியரசு தினத்தில் முதலமைச்சர் விருது கொடுத்தார். ஒரு கிளார்க் அம்மா கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலத்தைப் பள்ளிக்குக் கொடுக்கிற அதே ஊரில், கட்டடம் கட்ட என்னிடம் ரசீது இல்லாமல் 25,000 கேட்கிறார்கள்.

வேன் கதை வேறு. வில்லாபுரத்தில் 7.10-க்கு ஏற்றி, தெற்குவாசல், கோரிப்பாளையம் என்று ஊரையே சுற்றி 8.50-க்கு இறக்குவார்களாம். 'ஏசி வேன் மேம்' என்கிறார்கள். ஏசி போட்டால் மூன்றரை வயசுக்கு ஒன்றுக்கு வராதா?

நேற்றும் ஃபோன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டட நிதியைக் கட்டாவிட்டால் சீட் போய்விடுமாம். கட்டுகிறேன், பள்ளி பெயர் போட்டு ரசீது அடித்து வையுங்கள் என்றேன். லைன் கட்டாகிவிட்டது.