ஈனாக் பவலின் இரண்டு பேச்சுகள்

"மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிறார்" என்று ஓர் அரசியல்வாதியை யாராவது புகழ்ந்தால் எனக்கு உடனே எரிச்சல் வரும். மனதில் பட்டதைப் பேச வாய் இருந்தால் போதும். பட்டது சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

பிரிட்டனில் குடியேற்றம் பற்றிய சண்டை சூடுபிடிக்கும்போதெல்லாம் குடியேற்றம் தொடர்ந்தால் ரத்த ஆறு ஓடும் என்று கன்சர்வேட்டிவ் எம்.பி. ஈனாக் பவல் 1968இல் எச்சரித்த பேச்சு மறுபடி வலம் வரத் தொடங்கிவிடுகிறது. "அன்றைக்கே சொன்னாரே, யார் கேட்டீர்கள்?" என்ற பெருமூச்சும் கூடவே வருகிறது. இதைப் பகிர்கிறவர்களில் லண்டனில் குடியேறிய நம்மவர்களும் உண்டு. நேற்று வந்தவரை விரட்டச் சொல்லி முந்தாநாள் வந்தவர் கொடி பிடிக்கிற கூத்து இது. அது கிடக்கட்டும். பவலை வெறும் வெறியர் என்று ஒதுக்கிவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவர் அவ்வளவு எளிய ஆள் இல்லை.

பர்மிங்காமில் 1912இல் பிறந்தவர். 25 வயதில் சிட்னி பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலுக்குச் சொல்லகராதி தொகுத்தவர். போர் தொடங்கியதும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரிகேடியராக உயர்ந்தார். போரின் பிற்பகுதியில் இந்தியாவில் பணியாற்றி உருது கற்றார். ஒருநாள் இந்தியாவின் வைஸ்ராய் ஆக வேண்டும் என்பது அவருடைய கனவு. சுதந்திரம் உறுதியானபோது இரவெல்லாம் லண்டன் தெருக்களில் நடந்து திரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1950 முதல் வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்குத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. சொந்தக் கட்சியோடு அவர் மோதாத விஷயம் குறைவு. தூக்குத் தண்டனையை எதிர்த்தார், ஓரினச் சேர்க்கையைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தார், ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதைக் கடைசிவரை எதிர்த்தார்.

அவருடைய பேச்சுகளில் நான் முதலில் வைப்பது 1959 ஜூலை 27 அமர்வில் நள்ளிரவு தாண்டி நாடாளுமன்றத்தில் பேசியதை.

கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக்காரர்கள் என்று பிடித்து அடைக்கப்பட்டவர்களுக்கான ஹோலா முகாமில், அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதி 11 பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கட்டாய வேலைக்கு மறுத்ததுதான் குற்றம். காலனி அரசு முதலில் வெளியிட்ட அறிக்கை, வண்டியில் வந்த தண்ணீரைக் குடித்த பிறகு இறந்தார்கள் என்றது. பிரேதப் பரிசோதனையில் பொய் உடைந்தது. லண்டனில் ஆட்சியில் இருந்தது பவலின் சொந்தக் கட்சி. மூன்று மாதத்துக்குள் பொதுத் தேர்தல். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பவல் எழுந்தார். அரசு வெளியிட்ட ஆவணங்களையே எடுத்துவைத்துக்கொண்டு பேசினார். கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும் திட்டத்தை நிறைவேற்றினால் யாராவது காயப்படலாம், சாகவும் கூடும் என்று அதிகாரிகளே முன்கூட்டி எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். யார் எழுதினார்கள், அந்தக் காகிதம் யார் மேஜைக்குப் போனது, யார் தலையசைத்தார்கள் என்று படிப்படியாக மேலே ஏறினார். கடைநிலைக் காவலர் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தப்ப விடவில்லை. விவாதத்தில் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் செத்தவர்களை மனிதரிலும் கீழானவர்கள் என்று சொல்லியிருந்தார். சக மனிதன் ஒருவனை எடைபோட்டு, அவன் இன்ன மாதிரியானவன், ஆகவே அவன் சாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்பது பயங்கரமான கோட்பாடு, அதைச் சொன்னவர் தலைமேலேயே அது திரும்ப விழும் என்றார் பவல். ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்க அளவுகோல், ஆசியாவில் ஆசிய அளவுகோல், இங்கே மட்டும் பிரிட்டிஷ் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது என்றார். எதிர்வரிசையில் இருந்த டெனிஸ் ஹீலி, தான் கேட்டதிலேயே மிகச் சிறந்த நாடாளுமன்றப் பேச்சு என்று பிற்பாடு இதைப் பாராட்டினார்.

அடுத்த ஆண்டு பவல் சுகாதார அமைச்சரானார். அவர் பொறுப்பில் இருந்த மருத்துவமனைகள் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த செவிலியர்களாலும் இந்திய, பாகிஸ்தானிய டாக்டர்களாலும்தான் ஓடின.

இனி, 1968 ஏப்ரல் 20, சனிக்கிழமை, பர்மிங்காம் மிட்லண்ட் ஹோட்டல். தோல் நிறத்தைக் காட்டி வீடு தர மறுப்பதையும் வேலை தர மறுப்பதையும் சட்டவிரோதம் ஆக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்திருந்த நேரம். பேசுவதற்குச் சில நாள் முன்பு, உள்ளூர் நாளிதழின் ஆசிரியராக இருந்த நண்பரிடம் பவல் சொன்னாராம்: இது ராக்கெட் மாதிரி மேலே போகும், மற்ற ராக்கெட் கீழே விழும், இது மேலேயே நிற்கும். பிரதிகள் ஊடகங்களுக்கு முன்கூட்டியே போயின. சிறிய கூட்டம்தான், ஆனால் தொலைக்காட்சி கேமரா வந்து நின்றது. மனம் பொறுக்காமல் வெடித்த பேச்சு என்று இதைச் சொல்கிறவர்கள் இந்தத் தயாரிப்பைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

அதில் அவர் வைத்த சாட்சியங்கள் என்ன? பெயர் சொல்லாத ஒரு தொழிலாளி, இன்னும் 15, 20 ஆண்டில் கறுப்பர் கையில் சாட்டை இருக்கும் என்று சொன்னது ஒன்று. பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய கடிதம் இன்னொன்று. வுல்வர்ஹாம்ப்டனில் தன் தெருவில் கடைசியாக எஞ்சிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கணவனையும் இரண்டு மகன்களையும் போரில் இழந்தவள். அவள் வீட்டுக் கடிதத் துவாரத்தில் மலத்தைத் தள்ளுகிறார்கள், தெருவில் கறுப்புக் குழந்தைகள் பின்னாலேயே வந்து கேலி செய்கிறார்கள். அந்தக் குழந்தைகளைக் குறிக்கப் பவல் படித்த சொல்லை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நிருபர்கள் அந்தக் கிழவியைத் தெருத்தெருவாகத் தேடினார்கள். அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு செய்தித்தாள்மீது பவல் அவதூறு வழக்குப் போட்டார். கடிதங்களைக் கொண்டுவா என்ற நிலை வந்ததும், எழுதியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று வழக்கையே விட்டுவிட்டார்.

ஏட்டில் ஒரு சொல் ஐயமாக இருந்தால் ஊர் ஊராகப் போய் வேறு பிரதி தேடிய உ.வே.சா.வின் வழியில் பாடம் பார்க்கும் துறையிலிருந்து வந்தவர் இவர். ஹோலாவுக்கு ஆவணத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தவர். அதே மனிதர், ஒரு நகரத்து மக்கள் கூட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஒரு மொட்டைக் கதை போதும் என்று நினைத்திருக்கிறார். என் கோபம் அதில்தான். துணிச்சல் இரண்டு நாளும் இருந்தது. சரிபார்க்கும் பழக்கம் ஒருநாள்தான் இருந்தது.

முடிவில் ரோமானியக் கவி வர்ஜிலை இழுத்தார். ரோமானியனைப் போலத் தானும் ரோம் நகரின் டைபர் நதி ரத்தத்தால் நுரைப்பதைக் காண்பதாகச் சொன்னார். வர்ஜிலின் காவியத்தில் அதைச் சொல்வது சிபில் என்னும் குறிசொல்லும் பெண். கேட்டு நிற்பவன் ஏனியஸ்: எரிந்துபோன டிராயிலிருந்து கடல் தாண்டி வந்த அகதி. ரோமர்கள் தங்கள் மூதாதையாகக் கொண்டாடியது அவனைத்தான். இது கிரேக்கப் பேராசிரியருக்குத் தெரியாததா?

கன்சர்வேட்டிவ் கட்சி அப்போது எதிர்க்கட்சி. மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து, அதாவது எதிர்க்கட்சியின் மாற்று அமைச்சர் குழுவிலிருந்து, நீக்கினார். ஏப்ரல் 23 அன்று லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 74 சதவீதம் பேர் அவர் சொன்னதை ஏற்றார்கள். ஆக, இது யாரும் கேட்காத பேச்சு இல்லை. நாட்டில் பெரும்பான்மை கைதட்டிய பேச்சு. ஹோலாவுக்காகப் பேசியபோது தொழிலாளர் ஊர்வலம் எதுவும் கிளம்பவில்லை.

அவருடைய ரசிகர்கள் ஒரு விஷயத்தில் சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில் காமன்வெல்த்திலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியும் 50 முதல் 70 லட்சம் ஆவார்கள் என்றார். 2001 கணக்கெடுப்பில் சிறுபான்மை இனத்தவர் சுமார் 46 லட்சம். எண்ணிக்கை ரொம்பத் தப்பவில்லை. பொய்த்தது, அந்த எண்ணிக்கையிலிருந்து அவர் கண்ட ரத்த ஆறு. 1981இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதி கலவரத்தில் எரிந்தது உண்மை. ஆனால் கறுப்பர் கைக்குச் சாட்டை மாறவில்லை. 2010இல் அதே வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்கில், அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில், பால் உப்பல் என்ற சீக்கியர் வென்றார். சீக்கியப் பஸ் ஊழியர்கள் தலைப்பாகைக்காகப் போராடியதைக்கூட 1968 பேச்சில் ஆபத்துக்கு உதாரணமாகக் காட்டியிருந்தார் பவல்.

இந்த மரபின் இன்றைய வாரிசாக பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மனைச் சொல்கிறார்கள். தாய் மொரீஷியஸ் தமிழ் வம்சாவளி. கோவா வம்சாவளித் தந்தை கென்யாவிலிருந்து பிரிட்டன் வந்தது 1968 பிப்ரவரியில், பவல் பேசுவதற்கு இரண்டு மாதம் முன்பு. உள்துறை அமைச்சராக இருந்தபோது, தெற்குக் கரையில் படையெடுப்பு நடக்கிறது என்றார். சிறுமிகளைச் சீரழிக்கும் கும்பல்கள் பற்றி 2023இல் ஒரு ஞாயிறு செய்தித்தாளில் எழுதியபோது, அவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் பாகிஸ்தானிய வம்சாவளியினர் என்றார். அது வாசகரைத் தவறாக வழிநடத்துவது என்று பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. காரணம், அவருடைய உள்துறையே வெளியிட்டிருந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. பாதிக்கப்பட்ட சிறுமிகளின் குறையைப் பல ஊர்களில் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளாதது உண்மை. குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் இன விவரம் பதிவாகவே இல்லை என்று 2025இல் வந்த தணிக்கை சொன்னதும் உண்மை. அப்படியானால் அமைச்சர் செய்ய வேண்டியது பதிவேட்டைச் சரிசெய்வது. "கிட்டத்தட்ட அனைவரும்" என்று எழுதுவது சுலபம், அதைச் செய்தார்.

ஹோலா விவாதம் நாடாளுமன்றப் பதிவில் முழுதாக இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். 1968 பேச்சைப் பகிர்ந்துகொண்டே இருப்பவர்கள், அடுத்த முறை இதையும் சேர்த்துப் பகிருங்கள். பவலின் துணிச்சல்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், அது இதில் இன்னும் அதிகமாகவே இருக்கிறது.