கார்கள் உங்கள் பேச்சைப் பக்கத்து வண்டிக்கு அனுப்புகின்றனவா?

"ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் கார்கள் உங்கள் பெயரையும் உள்ளே பேசுவதையும் சுற்றியுள்ள வண்டிகளுக்கெல்லாம் அனுப்பிவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. அது தவறு.

கார் அனுப்புவது ஒரு சிறு பாதுகாப்புச் செய்தி: இருப்பிடம், வேகம், திசை, பிரேக் நிலை, வண்டியின் நீள அகலம். வழக்கமாக நொடிக்கு 10 முறை. முன்னே போகும் கார் சட்டென்று பிரேக் பிடிக்கிறது, நடுவில் லாரி மறைக்கிறது. அப்போதும் பின்னால் வரும் காரின் கணினி ஆபத்தைக் கணக்கிட்டு ஓட்டுநரை எச்சரிக்கும். உயிர் காக்கும் வேலை இது. அந்தச் செய்தியின் அடிப்படைப் பகுதியில் பெயரோ பதிவெண்ணோ குரலோ கிடையாது. அடையாள எண்ணும் தற்காலிகமானதுதான். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ, இந்தச் செய்திகளின் வடிவத்தை வரையறுத்து வெளியிட்ட ஜே2735 தரநிலையில் இதைச் சரிபார்க்கலாம்.

தயாரிப்பாளரின் செயலி திரட்டும் தகவல் வேறு விஷயம். அந்தக் கவலை நியாயமானது. அதன் தனியுரிமைக் கொள்கையைப் படியுங்கள். இந்த வதந்தியை மட்டும் மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.