நோட்டீசில் 9 மணி, மேடையில் நள்ளிரவு

கோயில் திருவிழா நோட்டீசில் என் நகைச்சுவை நிகழ்ச்சி இரவு 9 மணிக்கு என்று அடித்திருப்பார்கள். மேடை ஏறும்போது நள்ளிரவு தாண்டிவிடும். இடையில் பேச்சு, பொன்னாடை, மறுபடியும் பேச்சு. சிரிக்க வந்த பிள்ளைகள் பாயிலேயே நித்திரையாகிவிடுவார்கள். அவர்களுக்காக எழுதியதை யாருக்குச் சொல்வது?

அப்புறம், முல்லைத்தீவில் விழா என்றால், அங்கிருந்து வவுனியாப் பக்கம் வீடு திரும்ப வேண்டும். ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி வந்தது. முல்லைத்தீவு நகருக்குத் தண்டவாளமே இல்லை. ஏ34 வீதியால் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் மாங்குளம் வந்து, ஏ9 இல் வவுனியாப் பக்கம் போகும் தூர பஸ்ஸை மறிக்க வேண்டும். நிரம்பிய பஸ் நிற்காது. நின்றாலும் புளியங்குளம், ஓமந்தை எல்லாம் நின்றபடிதான். இருபது வயதில் இது பெரிதாகத் தெரியவில்லை. 45 தாண்டிய முழங்காலுக்குத் தாங்கவில்லை.

அதையும் பொறுக்கலாம். நான் வீடு சேரும்போது மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். விளங்காத கணக்குகளுக்குக் கோடிட்டு, கொப்பியை எனக்காக மேசையில் விரித்து வைத்திருப்பாள். அவள் வருமுன் நான் அடுத்த ஊருக்குக் கிளம்பியாக வேண்டும்.

விழாக்குழுத் தம்பிமாரே, பேச்சாளர்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே எங்களை மேடையேற்றுங்கள்.