பாசிக்குக் கல்லுப்பு: கிணற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

ஐப்பசி மழை பிடித்ததும் வாட்ஸ்அப்பில் இது சுற்ற ஆரம்பித்துவிட்டது: "சிமெண்ட் வாசலில் பாசி வழுக்குகிறதா? கல்லுப்பைக் கொட்டுங்கள். இயற்கையானது, பக்கத்தில் கிணறு இருந்தாலும் மண் வடிகட்டிவிடும்." பாசி காயும், அது சரி. மண் வடிகட்டும் என்பது தவறு.

உப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் குளோரைடு. அது மண்ணில் ஒட்டாது, மட்காது, மழைநீர் எங்கே இறங்குகிறதோ கூடவே இறங்கும். காவிரிக் கரையில் மணல் அடுக்கும் மேலாக நிற்கும் ஊற்றும் உள்ள ஊர்களில் கிணற்றுக்குப் போய்ச்சேர அதற்கு வெகுநாள் ஆகாது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு கிலோ உப்பு சுமார் 2,400 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். இங்கே மூட்டைக் கணக்கில் கொட்டச் சொல்கிறார்கள்!

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனியை உருக்கச் சாலையில் போடும் உப்பே பக்கத்துக் கிணறுகளைக் கரிக்க வைத்திருக்கிறது. கரித்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும், படிகாரமும் உதவாது. நாகை, வேதாரண்யம் பக்கம் கடல்நீர் ஏறியே அவதிப்படுகிறார்கள், நாமாக வேறு கொட்ட வேண்டுமா?

ஏற்கெனவே கொட்டியிருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கூட்டி அள்ளிவிடுங்கள். பாசிக்குக் கொஞ்சம் மணல் போட்டுக் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தாலே போதும். அப்புறம் வாசலின் வாட்டம் கிணற்றுப் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.