கேக் வெட்டும் வரை கோழி காத்திருக்காது

மொட்டை மாடிப் பிறந்தநாள் விருந்துக்குக் கரியில் சுட்ட கோழி வேண்டும் என்று விருந்து வைப்பவர்கள் சமையல்காரர்களான எங்களிடம் கேட்கிறார்கள். சரி. ஆனால் 7 மணிக்குப் பரிமாறச் சொல்லிவிட்டு எட்டரைக்குத்தான் கேக் வெட்டுகிறார்கள். அதுவரை கோழியை எங்கே வைப்பது? ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே சுற்றி, மொறுமொறுத்த தோல் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். அடுப்பிலேயே விட்டால் நெஞ்சுக்கறி சக்கை. வெளியே வைக்கலாமென்றால், சித்திரை மாதத்தில் 32 டிகிரிக்கு மேல் போகிற சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாது, குழந்தைகள் சாப்பிடுகிற விருந்து!

கரியும் காத்திருக்காது. பற்றவைத்து அரை மணி, முக்கால் மணியில் சாம்பல் பூக்கும்; அந்தத் தணலில்தான் சுட வேண்டும். தணல் அடங்கியபின் அவசரமாகப் புதுக்கரி கொட்டினால் புகையும் தீநாக்கும்தான். மேலே கருகும், எலும்போரம் வேகாது. தொடையின் நடுவில் 74 டிகிரி வராமல் தட்டில் வைக்க முடியாது.

அப்புறம் இந்த எண்ணிக்கை. எலும்போடு பச்சைக்கறி ஆளுக்கு 350 கிராம், 100 பேருக்கு 35 கிலோ என்று ஊறவைத்து முடித்தபின், மாலை 5 மணிக்கு "இன்னும் முப்பது பேர் வர்றாங்க" என்றால் எப்படி? கீறலில் மசாலா பிடிக்க நாலு மணி நேரமாவது வேண்டாமா? முந்தின நாளே சொல்லுங்கள். கேக்கையும் முதலில் வெட்டிவிடுங்கள்.