தீர்த்தம் கொடுப்பதற்கு முன்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஒருத்தர் படுக்கையில் விழுந்தால் ஊரே பார்க்க வரும். ஹார்லிக்ஸ் வரும், ஆரஞ்சு வரும், பழனி திருநீறு வரும். கூடவே "போன ஜென்மத்துக் கணக்கு, அனுபவிச்சுத்தான் தீரணும்"னு ஒரு பேச்சும் வரும். அதை மட்டும் செருப்போடு வாசலிலேயே விட்டுட்டு வாங்க. படுத்திருப்பவருக்குக் காது நல்லாவே கேட்கும்.

வலியில் துடிக்கிறவருக்குச் சாமி கும்பிடவும் தெம்பு இருக்காது. முதலில் உடம்பைக் கவனிப்போம், ஆறுதல் அப்புறம்.

படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும். முழுசாக ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பு எலும்பில் பாரம் ஏறும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று வையுங்க, குதிகால் மெத்தையில் படாமல் நிற்கணும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் பாருங்க. நம்ம கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டால் புண் தொடங்கும் இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உள்ளே நைந்துபோன சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையமும் ஆகாது, சுற்றி ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். ஏர்பெட் வாங்கியாச்சு, இனி திருப்ப வேண்டாம்னு நினைக்கிற வீடுகளிலும் புண் வருது.

இனி தீர்த்தம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாமல் போகலாம். மல்லாக்கப் படுத்திருக்கும்போது வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில், அதாவது நுரையீரல் காய்ச்சலில் முடியும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, டீஸ்பூனில் கொடுங்க. இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திடுங்க. நினைவு தெளிவில்லாதவருக்குப் பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டால் போதும். திருநீறு நெற்றிக்கு மட்டும்.

வலி மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் வேலை, அதாவது தீராத நோயில் வலியைத் தணிக்கும் கவனிப்பு, 2008-ல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. வீட்டுக்கு நர்ஸ் வர பஞ்சாயத்திலோ ஊர்ச் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா ஒர்க்கரிடமோ கேளுங்க. அந்தப் பக்கம் பொள்ளாச்சிக்காரங்களுக்கு 2021-லிருந்து தமிழ்நாடு அரசு வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு. கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தை எழுதினால் டாக்டர் சொன்ன மணிக்குக் கொடுக்கணும். வலி ஏறட்டும்னு காத்திருந்தால் அப்புறம் அடக்குவது கஷ்டம். மார்ஃபினால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்க.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?"னு அவர் கேட்டால் பதில் தேடாதீங்க. கையைப் பிடிச்சுட்டு உட்காருங்க.

பார்த்துக்கொள்ளும் மகளையோ மருமகளையோ யாரும் விசாரிப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "அம்மிணி, நீ மாரியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வா, நான் இருக்கேன்"னு சொல்லுங்க. அவள் கிளம்பும் முன் மூணு கேள்வி கேட்டுக்கங்க: கடைசியா எந்தப் பக்கம் திருப்பினே, அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு, நர்ஸ் நம்பர் எங்கே இருக்கு?