பூட்டிய வீட்டுக்கு மூன்றாவது முறை போக யார் காசு கொடுத்தது?

மருத்துவ மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சொன்ன சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி முழுசாக எழுதவில்லை. ரத்த அழுத்தக் கணக்கெடுப்பில் 300 வீட்டில் 71 வீடு பூட்டியிருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்ன மாணவியை "உழைப்பு பத்தாது" என்று மேடையிலேயே சொன்னார்கள். அடுத்து வந்தவரின் பட்டியலில் ஒரு வீடுகூட விடுபடவில்லை. கைதட்டல் அவருக்கு. அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

300 வீட்டில் ஒன்றுகூடப் பூட்டியிருக்காத ஊர் எங்கே இருக்கிறது? காலை ஒன்பதுக்குள் ஊர் காலி. நூறு நாள் வேலைக்குப் பாதி, மில் வேனில் கொஞ்சம், மிச்சம் காட்டுக்கு. ஆள் அகப்படுவது காலை ஆறிலிருந்து எட்டு வரை, அப்புறம் விளக்கு வைத்த பிறகு. அந்த நேரத்துக்கு மினி பஸ் கிடையாது. இருட்டில் தனியாக ஒரு பெண் தெருத்தெருவாகப் போக முடியாது. கூட வர அந்த ஊர்க்காரப் பெண் ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போன பிறகுதான் "ஆளில்லை" என்று எழுதலாம் என்பது விதி. ஆனால் ஆய்வுக்கான விண்ணப்பத்தோடு வைக்கும் செலவுக் கணக்கில் ஒரு முறை போய்வரத்தான் இடம். இரண்டாவது முறை அந்த மாணவி போனது சொந்தக் காசில்.

பணம் முன்னால் வர வேண்டும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 1979-லிருந்து மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாதக் குறும் ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. நல்ல திட்டம், எத்தனையோ பேருக்கு முதல் வாசல் அதுதான். ஆனால் உதவித்தொகை கைக்கு வருவது அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு. அதுவரை பெட்ரோலுக்கு அப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்க அப்பா இல்லாத பிள்ளை?

"பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் எடுத்துக்கோ" என்று போனிலேயே சொல்லிவிடும் ஆய்வு வழிகாட்டிகள், அதாவது மேற்பார்க்கும் பேராசிரியர்கள், இருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் ஆய்வையே கெடுத்துவிடும். பகலில் வீட்டில் இருப்பது யார்? வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள். வேலைக்குப் போன நாற்பது வயதுக்காரரை விட்டுவிட்டு அவர்களையே அளந்தால் ஊரில் ரத்த அழுத்தம் உண்மையில் இருப்பதைவிட ஏறித் தெரியும். ஒரு வீடுகூட விடுபடாத பட்டியலைக் கண்டால் எனக்கு முதலில் வருவது இந்தச் சந்தேகம்தான். கைதட்டியவர்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

வழிகாட்டி ஒரே ஒரு நாள் ஊருக்குள் வந்தால் போதும். தண்ணிக்குடத்தை இறக்கி வைத்த கையோடு ஒரு அம்மாவுக்கு அளவு எடுப்பதைப் பார்த்திருப்பார். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கலாக வைத்து, பேச்சுக் கொடுக்காமல் இரண்டு முறை எடு என்று அங்கேயே திருத்தியிருப்பார். 22–32 செ.மீ. கைக்கான கஃப்பை (கையில் சுற்றும் காற்றுப் பட்டையை) அதைவிடத் தடித்த கையில் இழுத்துச் சுற்றினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். பையில் பெரிய கஃப் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதையும் யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. வர முடியாதா, முதல் 20 படிவத்தையாவது அந்த வாரமே வாங்கிப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் பத்து எண்ணுக்கு ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். 140, 130, 150 என்று வரிசையாக நின்றால் யாரோ திண்ணையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். 20-ல் பிடித்தால் திருத்தலாம். 300-ல் பிடித்து என்ன செய்வது?

"முன்பணம் கொடுத்தால் கணக்கே வராது" என்பீர்கள். நியாயமான பயம், ஒத்துக்கொள்கிறேன். தவணையாகக் கொடுங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்ததும் ஒரு பங்கு, அந்த 20 படிவத்தை வழிகாட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஒரு பங்கு, மிச்சம் அறிக்கைக்கு. "வழிகாட்டிக்கு நேரம் இல்லை" என்றால் அவர் பெயரைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

"எங்கள் காலத்தில் சொந்தக் காசில்தான் செய்தோம்" என்பவர்களோடுதான் எனக்கு வருத்தம். செய்தீர்கள், சரி. செய்ய முடியாமல் பாதியில் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணி வைத்தோமா? அவர்களில் பலர் அதே ஊர்களில் பிறந்தவர்கள். எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் காப்பாற்றிக் காட்டிய ஆய்வு 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தப் பெண்கள் எழுதியதை உட்கார்ந்து சரிபார்க்க ஆள் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. மேடையில் தலைகுனிய வைக்க மட்டும் ஆள் இருக்கிறது.

அந்த 71 வீட்டின் பட்டியல் அவளிடம் இன்னும் இருக்கிறது, தெருவாரியாக. இரண்டு வாரம், ஒரு வண்டி, கூட வரும் பெண்ணுக்குக் கூலி. இவ்வளவுதான் வேண்டும். கூட்டத்தை நடத்தியவர்கள் இதைப் படித்தால் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கணக்கு கேட்க இல்லை, எப்போது கிளம்பலாம் என்று கேட்க.